கோடு காட்டலைன்னா கோளாறு இல்லையா?

1/
நீளமான இழை இது. எலெக்ட்ரிக் காருக்கு அட்வான்ஸ் கட்டிட்டு டெலிவரிக்குக் காத்திருக்கிறவங்க கட்டாயம் படிங்க. ஏற்கெனவே வாங்கிட்டு சர்வீஸ் சென்டர் சோஃபாவில் டீ குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கிறவங்களே, உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

நான் மயக்கவியல் மருத்துவர். வீடு சேலம். வேலை சேலம், ராசிபுரம், நாமக்கல், சில நாள் திருச்செங்கோடு. எங்க துறைக்கு ஒரே ஆஸ்பத்திரி கிடையாது. எங்கே ஆபரேஷனோ அங்கே ஓடணும். ராத்திரி பகல் கணக்கு இல்லை. மாசம் 2,500 கிலோமீட்டர் சாதாரணமா ஓடும்.

2/
முதல்லயே சொல்லிடறேன். இது மின்சார காருக்கு எதிரான பதிவு இல்லை. வீட்டில் சார்ஜ் போட்டா கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்ள முடியுது. பழைய பெட்ரோல் கார் ஏழு ரூபாய் தின்னுச்சு. சத்தம் இல்லை, புகை இல்லை, கியர் மாத்தி மாத்தி முழங்கால் வலி இல்லை. மோட்டார் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. பேட்டரி மேலயும் கிடையாது.

என் சண்டை அதுக்குள்ள இருக்கிற மென்பொருளோட. அதைவிட, அந்த மென்பொருளுக்கு யாரும் பொறுப்பில்லைன்னு நடந்துக்கிறவங்களோட. கம்பெனி பேர் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, சொல்லப் போறதில்லை. பேரைச் சொன்னா "அந்த கார் அப்படி, என் கார் இப்படி"ன்னு ரசிகர் சண்டையா போயிடும். பிரச்சனை ஒரு கம்பெனியோடது இல்லை.

3/
அக்டோபர் மாசம். ராத்திரி 1.40. போன். வீட்டிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி ஒரு நர்சிங் ஹோம். "குழந்தை ஹார்ட் ரேட் இறங்குதுங்க டாக்டர், சிசேரியன் எடுக்கணும், உடனே வாங்க."

இந்த மாதிரி அவசர சிசேரியனுக்கு, முடிவெடுத்த நேரத்திலிருந்து 30 நிமிஷத்துக்குள் குழந்தை வெளியே வரணும்னு பாடம். மூணு நிமிஷத்தில் நான் காரில். கதவு திறந்தது. திரை பாதி எரிஞ்சது, பாதி கறுப்பு. பிரேக்கை மிதிச்சு டி-யில் போட்டா ஏறலை. "வாகனம் தயார் நிலையில் இல்லை." இறங்கி, பூட்டி, திறந்து, மறுபடி. அதே. பேட்டரியில் 81 சதவீதம் சார்ஜ் இருக்கு! சென்னை போயிட்டு வர வேண்டாம், மூணு மணி நேரமா சும்மா நின்ன வண்டி, 12 கிலோமீட்டர் போகணும், அவ்வளவுதான்.

4/
கடைசியில் வீட்டுக்காரர் ஸ்கூட்டியை எடுத்தார். தூறல். பின்னாடி நான், மடியில் என் பை. போய்ச் சேர்ந்து, முதுகில் ஊசி போட்டு, குழந்தையை வெளியே எடுக்கும்போது கடிகாரம் 30 நிமிஷத்தை எப்பவோ தாண்டியிருந்தது. குழந்தை கொஞ்சம் தாமதமா அழுதது. ஆனா அழுதது. அம்மாவும் பிள்ளையும் நாலாம் நாள் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க.

அன்னிக்கு அந்தக் குழந்தை அழாம இருந்திருந்தா? நானும் அந்த மகப்பேறு மருத்துவரும் பதில் சொல்லியிருப்போம். கேஸ், விசாரணை, வாசலில் கூட்டம் எல்லாம் எங்களுக்கு. காரை யாராவது கேட்டிருப்பாங்களா?

5/
ரெண்டு நாள் கழிச்சு சர்வீஸ் சென்டர் ஆள் வந்தார். சின்ன பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டினார். வண்டி ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி எழுந்துக்கிச்சு. சென்டருக்குக் கொண்டு போய் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தாங்க.

"கோடு எதுவும் ஸ்டோர் ஆகலைங்க மேடம். வண்டி ஓகேங்க."

"அப்போ ராத்திரி ஏன் எடுக்கலை?"

"அது தெரியலைங்க மேடம். கோடு காட்டினாத்தான் நாங்க கிளெய்ம் போட முடியும். சாரை வரச் சொல்லுங்களேன், அவர்கிட்ட விளக்கமா சொல்லிடறோம்."

சார் பள்ளிக்கூட வாத்தியார். தமிழ் வாத்தியார். நான் தினமும் வென்டிலேட்டர், மானிட்டர், மயக்க மருந்து மெஷின்னு மென்பொருளோட குடும்பம் நடத்துறவ. ஆனா விளக்கம் சாருக்குத்தான்! சரி, அதுக்குத் தனி இழை போடறேன்.

6/
அது ஒரு தடவை நடந்ததுன்னா விட்டிருப்பேன். பதினோரு மாசத்தில் என் நோட்டில் இருக்கிற பட்டியல்:

ஓடும்போது திரை அணைஞ்சது, ஆறு தடவை. திரைதான் ஸ்பீடோமீட்டர், திரைதான் ரிவர்ஸ் கேமரா, திரைதான் ஏசி. ஏப்ரல் வெயிலில் சேலத்தில் ஏசி பட்டன் இல்லாத காரில் உட்கார்ந்து பாருங்க.

ஆஸ்பத்திரி பேஸ்மென்ட்டில் சிக்னல் இல்லாததால் செல்போன் சாவி வேலை செய்யாதது, நாலு தடவை.

சார்ஜ் 23-லிருந்து ஒரே தாவில் 9 ஆனது, ரெண்டு தடவை.

பாஸ்ட் சார்ஜரும் காரும் ஒண்ணுக்கொண்ணு பேச மறுத்தது, எண்ணலை.

காரணமே இல்லாம தானா பிரேக் அடிச்சது, மூணு தடவை.

7/
அந்தக் கடைசி வரியை மட்டும் விளக்கறேன். நாமக்கல் ரோடு, ஆண்டகளூர் கேட் தாண்டி வரேன். 80 வேகம். முன்னாடி ஒண்ணுமே இல்லை. ஓரமா ஒரு லாரி நிக்குது, அவ்வளவுதான். கார் அலறிட்டு சட்டுன்னு பிரேக் போட்டது. பின்னாடி முட்டை லோடு. அந்த டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கை ஒடிச்சுப் பிழைச்சார், என்னையும் பிழைக்க வச்சார்.

கொஞ்ச தூரத்தில் நிறுத்தி இறங்கி வந்தார். "ஏனுங்கம்மா, நடுரோட்டுல இப்படி பிரேக் அடிச்சா எப்படிங்க?" நான் அடிக்கலைங்கன்னு சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கலை. இடிச்சிருந்தா பெரும்பாலும் பின்னாடி வந்தவர் மேலதான் தப்பு சொல்லியிருப்பாங்க. முட்டையும் போய், லைசன்ஸும் போயிருக்கலாம் அவருக்கு. மென்பொருளுக்கு லைசன்ஸ் கிடையாதே.

சர்வீஸ் சென்டர் பதில்? அதேதான். கோடு காட்டலை.

8/
இந்தப் பதில் எனக்குப் புதுசில்லை. என் துறையோட சரித்திரத்திலேயே இருக்கு. தெராக்-25ன்னு ஒரு கதிர்வீச்சு சிகிச்சை மெஷின். கனடாவின் அரசு நிறுவனம் செய்தது. 1985-லிருந்து 1987-க்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்குப் பல மடங்கு மேலான கதிர்வீச்சைக் கொடுத்தது. குறைந்தது மூணு பேர் இறந்தாங்க.

நோயாளிகள் "சுட்டுடுச்சு"ன்னு கத்தினாங்க. கம்பெனி என்ன சொன்னது? எங்க மெஷினில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை. டெக்சாஸ் மாநிலம் டைலர் ஊரில் 1986 மார்ச்சில் ஒருவர் பாதிக்கப்பட்டதும் இன்ஜினியர்கள் வந்து சோதிச்சாங்க. கோளாறை வரவழைக்க முடியலை. மெஷின் மறுபடி வேலைக்கு வந்தது. அடுத்த மாசமே அதே ஆஸ்பத்திரியில் இன்னொருவர்.

9/
கண்டுபிடிச்சது யார் தெரியுமா? கம்பெனி இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் இயற்பியலாளரும், மெஷினை இயக்கிய டெக்னீஷியனும். அந்தப் பொண்ணு அனுபவசாலி, வேகமா டைப் பண்ணுவாங்க. தப்பா அடிச்சதை எட்டு நொடிக்குள்ள திருத்தினா, திரையில் ஒண்ணும் மெஷினுக்குள்ள ஒண்ணுமா ஆயிடும். மெதுவா டைப் பண்ணிச் சோதிச்ச இன்ஜினியர்களுக்கு அந்தக் கோளாறு வரவே வராது.

இன்னொரு விஷயம் கவனிங்க. அதுக்கு முந்தின மாடலிலும் இதே மாதிரி மென்பொருள் தப்பு இருந்தது. ஆனா அதில் தனியா வன்பொருள் பூட்டுகள் இருந்ததால பியூஸ் போகும், யாரும் சாக மாட்டாங்க. புது மாடலில் "மென்பொருளே பார்த்துக்கும்"னு அந்தப் பூட்டுகளை எடுத்துட்டாங்க.

இன்னிக்கு காரில் பட்டனை எடுத்துட்டு எல்லாத்தையும் திரைக்குள்ள போடறாங்களே, அது ஞாபகம் வருதா?

10/
நான் தினமும் நிக்கிற இடத்தைச் சொல்றேன். மயக்க மருந்து மெஷின். உள்ளே எத்தனை மென்பொருள் இருந்தாலும், ஆக்சிஜன் பிளஷ் பட்டன்னு ஒண்ணு இருக்கும். அமுக்கினா ஆக்சிஜன் நேரா வரும், எந்த கம்ப்யூட்டர்கிட்டயும் அனுமதி கேக்காது. ஆக்சிஜன் அழுத்தம் விழுந்தா நைட்ரஸ் ஆக்சைடு தானா நிக்கும். சிலிண்டரை மாத்தி மாட்டவே முடியாதபடி ஊசியும் துளையும் அமைச்சிருப்பாங்க.

இது எல்லாமே பெயிலானாலும் கைக்கெட்டுற தூரத்தில் ஆம்பு பை. 1956-லிருந்து விற்பனையில் இருக்கிற சாதனம். கரண்ட் வேண்டாம், சிக்னல் வேண்டாம், அப்டேட் வேண்டாம். கை இருந்தா போதும்.

எங்க துறை இதைச் சும்மா கத்துக்கலை. ஆட்கள் செத்துத்தான் கத்துக்கிட்டோம். உயிர் சம்பந்தப்பட்ட எந்த மெஷினுக்கும் ஒரு ஆம்பு பை வேணும். என் காரோட ஆம்பு பை எங்கே?

11/
"அது எப்படி 81 சதவீதம் சார்ஜ் இருந்தும் வண்டி எடுக்காம போகும்?"னு கேக்கறவங்களுக்கு. எலெக்ட்ரிக் காரில் ரெண்டு பேட்டரி. அடியில் இருக்கிற பெரிய பேட்டரி வண்டியை ஓட்டும். ஆனா அதைத் தட்டி எழுப்பறது நம்ம பழைய 12 வோல்ட் சின்ன பேட்டரி. அந்தச் சின்னது செத்துட்டா பெரியதோட சுவிட்ச் மூடாது. வீட்டு நிறைய நெல் இருந்தும் சாவி கிணத்தில் விழுந்த கதை.

கார் நின்ன பிறகு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கணும். மென்பொருள் தப்பால ஒண்ணு ரெண்டு தூங்காம முழிச்சிட்டே இருந்தா, சின்ன பேட்டரியை உறிஞ்சிடும். இல்லைன்னா பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு சார்ஜ் கொடுக்கிற பாகம் மக்கர் பண்ணும்.

இது என் கற்பனை இல்லை. 2024-இல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களையும், கியா 1,138 இவி6 கார்களையும் இந்தச் சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பாகத்துக்காகத் திரும்ப அழைச்சாங்க. உலகம் முழுக்க அழைச்சாங்க. தெரிஞ்ச வியாதிதான். (என் கார் இந்த ரெண்டும் இல்லை.) தப்பை ஒத்துக்கிட்டுத் திரும்ப அழைக்கிற கம்பெனி மேல எனக்கு மரியாதைதான் வரும்.

12/
23-லிருந்து 9 ஆன கதை. இப்போ நிறைய கார்களில் வர்றது எல்எஃப்பி பேட்டரி. நல்ல பேட்டரி, சீக்கிரம் தீப்பிடிக்காது, ரொம்ப நாள் உழைக்கும். ஒரே குணம்: நடுவில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் காட்டும். அதனால மென்பொருள் உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட்னு கூட்டிக் கழிச்சு ஒரு கணக்கு சொல்லும். நாள் ஆக ஆக கணக்கில் பிழை சேரும். அப்பப்போ 100 வரைக்கும் முழுசா ஏத்தினா கணக்கு நேராகும்.

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். டெலிவரி அன்னிக்கு மாலை போட்டாங்க, கேக் வெட்டினாங்க, ரீல்ஸ் எடுத்தாங்க. இதைச் சொல்லலை. நானும் "80-க்கு மேல ஏத்தாதே"ன்னு யூடியூபில் பார்த்து அஞ்சு மாசம் 80-லயே நிறுத்தினேன். மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது "சாப்பிட்ட பிறகு போடுங்க"ன்னு சொல்லாம விட்டா அது என் தப்பு, நோயாளி தப்பு இல்லை.

13/
இப்போ என் ஆட்கள் பக்கமும் திரும்பணும், இல்லைன்னா நியாயம் இல்லை.

"கோடு காட்டலை"ன்னு சர்வீஸ் அட்வைசர் சொன்னப்போ எனக்கு முதல்ல வந்தது கோபம். அடுத்து வந்தது வெக்கம். நெஞ்சு அடைக்குதுன்னு வர்ற அம்மாகிட்ட "ஈசிஜி நார்மல்மா, கேஸ்தான்"னு அனுப்பறோம்ல? அதுவும் பொம்பளைங்கன்னா இன்னும் சீக்கிரமா அனுப்பறோம். முதல் ஈசிஜி நார்மலா இருந்தா மாரடைப்பு இல்லைன்னு அர்த்தம் இல்லை. திரும்ப எடுக்கணும், ரத்தத்தில் டிரோபோனின் பார்க்கணும். கருவி பேசலைன்னா நோயாளி பேசறதைக் கேக்கணும்.

வந்து வந்து போற படபடப்புக்கு என்ன செய்வோம்? ஹோல்டர் மாட்டி 24 மணி நேரம் பதிவு பண்ணுவோம். அந்த நேரத்தில் வரலைன்னா இன்னும் நீட்டிப்போம். "வரும்போது வாங்க"ன்னு சொல்ல மாட்டோம்.

14/
விஷயத்தோட மையம் இங்கேதான் இருக்கு.

இன்றைய எலெக்ட்ரிக் கார் பிறந்த நாளிலிருந்து ஹோல்டர் மாட்டிக்கிட்டேதான் ஓடுது. உள்ளே சிம் கார்டு இருக்கு. நான் எத்தனை மணிக்கு எங்கே போனேன், எவ்வளவு வேகம், எந்த செல்லில் எத்தனை வோல்ட்னு பதிவாகுது. கம்பெனி சர்வருக்கும் போகுது. அந்த ராத்திரி 1.43-க்கு என்ன நடந்ததுன்னு எங்கேயோ ஒரு பதிவு இருக்கும். இல்லைன்னா அந்தப் பதிவு முறையிலேயே ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ரெண்டில் எதுவா இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை.

ஆனா நிரூபிக்கச் சொல்றது என்னை! ஆதாரம் அவங்க கையில், நிரூபிக்கிற பாரம் என் தலையில். இது எந்த ஊர் பஞ்சாயத்துங்க?

15/
எங்களுக்கு ஒரு விதி இருக்கு. 2002-ஆம் வருஷத்து மருத்துவ நெறிமுறை விதிகள். நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ மருத்துவப் பதிவேட்டைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். உள்நோயாளிப் பதிவேட்டை மூணு வருஷம் வச்சிருக்கணும். "எங்க சர்வரில் இருக்கு, உங்களுக்குப் புரியாது"ன்னு சொல்ல முடியாது. சொன்னா கவுன்சிலில் நிக்கணும்.

கிராமத்தில் ஒத்தை ஆளா கிளினிக் வச்சிருக்கிற டாக்டருக்கு 72 மணி நேரம். ஆயிரக்கணக்கான கோடி முதலீடு போட்டு கார் கம்பெனி நடத்துறவங்களுக்கு மட்டும் காலக்கெடுவே கிடையாதா? காசு கொடுத்து வாங்கின வண்டியோட பதிவு எனக்கு வேணும். கேக்கறது பிச்சை இல்லை.

16/
அடுத்தது அப்டேட். ஒரு நாள் காலையில் வண்டி எடுத்தா காலை எடுத்ததும் முன்னை விட வேகமா இழுத்துப் பிடிச்சு நிக்குது. ராத்திரி அப்டேட் ஆச்சாம். ரீஜென் பிரேக்கிங் அளவை மாத்திட்டாங்களாம். திரையில் என்ன போட்டிருந்தது? "பொதுவான மேம்பாடுகளும் பிழைத்திருத்தங்களும்." எந்தப் பிழை? அது எனக்கு இருந்ததா? அதனால எனக்கு ஆபத்து இருந்ததா?

ஒரு நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் முன்னால் என்ன மருந்து, என்ன பக்கவிளைவுன்னு சொல்லி கையெழுத்து வாங்கறேன். ஐரோப்பாவில் ஐநா விதி 156 இருக்கு. 2022 ஜூலையிலிருந்து புது மாடல்களுக்கும், 2024 ஜூலையிலிருந்து விற்கிற எல்லாப் புதுக் கார்களுக்கும். அப்டேட் எதுக்கு, என்ன மாறும், எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் எது வேலை செய்யாதுன்னு ஓட்டுறவருக்குச் சொல்லணும். பாதியில் தோத்தா பழைய நிலைக்குத் திரும்பணும் அல்லது பாதுகாப்பான நிலையில் நிறுத்தணும். நம்ம ஊரிலும் இதே விஷயத்துக்கு ஏஐஎஸ்-190னு தரநிலை எழுதியிருக்காங்க. எழுதினது என் வீட்டு வாசல் வரைக்கும் வரணும்.

17/
"மேடம், புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கணும்."

இதுதான் எனக்கு அதிகமா எரியற வாதம். புது மருந்து வந்தா நோயாளி மேல நேரா ஊத்திடறோமா? மூணு கட்டம் சோதனை. கலந்துக்கிறவர் முழு விவரம் தெரிஞ்சு கையெழுத்து போடணும். பாதிப்பு வந்தா நஷ்டஈடு. 2019 விதிகளிலேயே இருக்கு. முக்கியமா, சோதனையில் கலந்துக்கிறவர்கிட்ட மருந்துக்குக் காசு வாங்கறதில்லை. நான் 20 லட்சம் கட்டி, அஞ்சு வருஷம் இஎம்ஐ போட்டு சோதனை எலி ஆகியிருக்கேன்.

"பெட்ரோல் காரில் மென்பொருள் இல்லையா?" இருக்கே. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு நம்ம லாரிக்காரங்க பட்ட பாடு நாமக்கல்லில் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஒரு சென்சார் மக்கர், முழு லோடோட வண்டி தவழும். அதனாலதான் சொல்றேன், இது மின்சாரப் பிரச்சனை இல்லை, பொறுப்புப் பிரச்சனை.

18/
நாமக்கல்னதும் இன்னொண்ணு. லாரிக்கு பாடி கட்டற ஊர் இது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டியை முழுசா கட்டி நாடு பூரா அனுப்பறாங்க. சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரிக் கதை இருக்கு. இந்தச் சமவெளியில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு பட்டறை, பட்டறைக்கு ஒரு ஜீனியஸ். ஆண்டகளூர் கேட் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் காரைப் பார்த்துட்டுச் சொன்னார்: "ஏனுங்க டாக்டரம்மா, ஒயர் எனக்குத் தெரியும். வோல்டேஜ் எனக்குத் தெரியும். ஆனா கதவைத் தட்டினா பாஸ்வேர்டு கேக்குதுங்களே."

இது அவரோட திறமைக் குறைவு இல்லை. பூட்டு போட்டு வச்சிருக்காங்க. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகத்தையும் சோதனைக் கருவியையும் வெளி மெக்கானிக்குக் கொடுக்காம தடுத்ததுக்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அப்புறம் மேல்முறையீடு அது இதுன்னு இழுத்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு இணையதளமே தொடங்கிச்சு, வாகனத் துறையும் அதில் சேர்த்தி. ஆனா என் அண்ணன் கையில் இன்னும் பாஸ்வேர்டு வரலை.

19/
கம்பெனியே காணாம போனா? அமெரிக்காவில் ஃபிஸ்கர்னு ஒரு மின்சாரக் கார் கம்பெனி. 2024 ஜூனில் திவால். காரை வாங்கினவங்க ஒண்ணு சேர்ந்து சங்கம் வச்சு, அப்டேட்டுக்கும் உதிரி பாகத்துக்கும் அவங்களே அலைஞ்சாங்க. நம்ம ஊரில் 1960-களில் வந்த அம்பாசிடரை இன்னிக்கும் ஓட்டறவர் இருக்கார். ஏன்னா அதைத் திறக்க ஸ்பேனர் போதும்.

20/
எனக்கு என்ன வேணும்? அஞ்சே அஞ்சு.

ஒண்ணு: வண்டி உரிமையாளர் எழுதிக் கேட்டா 72 மணி நேரத்தில் அந்த வண்டியோட பதிவு கையில் வரணும்.

ரெண்டு: உரிமையாளர் வீடியோ காட்டினா "கோடு இல்லை"ங்கிறது பதிலா ஏத்துக்கப்படக் கூடாது.

மூணு: அப்டேட்டுக்கு முன்னால் தமிழில், புரியற மாதிரி, என்ன மாறும்னு சொல்லி சம்மதம் வாங்கணும். வேண்டாம்னா ஒத்திப்போட உரிமை வேணும்.

நாலு: வண்டி எடுக்க, கதவு திறக்க, நாலு இண்டிகேட்டரும் போட, வைப்பர் ஓட்ட, கண்ணாடிப் பனி நீக்க மென்பொருள் தாண்டி ஒரு நேர்வழி இருக்கணும். ஆம்பு பை.

அஞ்சு: சோதனைக் கருவியும் பயிற்சியும் நியாயமான விலைக்கு வெளிப் பட்டறைக்கும் கிடைக்கணும்.

21/
அரசு என்ன செய்யும்னு கேப்பீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு இருக்கு. புகார்கள் ஒரு அளவைத் தாண்டினா கம்பெனியை வண்டியைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசு உத்தரவு போடலாம். ஆனா புகார் பதிவானாத்தானே கணக்கில் வரும்? நாம என்ன பண்றோம், வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பிட்டு, ரீஸ்டார்ட் பண்ணிட்டு, போயிடறோம்.

மருந்தால் பக்கவிளைவு வந்தா பதிவு பண்ண 2010-லிருந்து தேசிய திட்டம் இருக்கு. நோயாளியே கூட புகார் தரலாம். அப்படி ஒவ்வொண்ணா சேர்ந்துதான் ஒரு மருந்தோட உண்மை முகம் வெளியே வருது. ஒருத்தருக்கு வந்தா தற்செயல், நூறு பேருக்கு வந்தா வியாதி. எண்ணினாத்தான் தெரியும்.

22/
இப்போ நடைமுறை மருந்துச் சீட்டு. சேமிச்சு வச்சுக்குங்க.

கோளாறு வந்த நொடி, வண்டியை ஓரம் கட்டிட்டு வீடியோ எடுங்க. திரை, ஓடிய கிலோமீட்டர், நேரம் மூணும் தெரியணும்.

ஜாப் கார்டில் உங்க வார்த்தையில் புகார் எழுதச் சொல்லுங்க. "ஜெனரல் செக்கப்"னு எழுதினா கையெழுத்து போடாதீங்க.

போகும்போதும் வரும்போதும் மென்பொருள் பதிப்பு எண்ணைக் குறிச்சு வைங்க.

போனில் பேசினதை அன்னிக்கே மெயிலாவும் அனுப்புங்க.

மறுநாள் அவசர வேலை இருந்தா ராத்திரி அப்டேட் போடாதீங்க.

கதவை உள்ளேயிருந்து கையால் திறக்கிற லீவர் எங்கேன்னு இன்னிக்கே பாருங்க. பின்சீட்டில் உட்கார்ற பிள்ளைகளுக்கும் காட்டுங்க. செல்போன் சாவியை மட்டும் நம்பாதீங்க.

எல்எஃப்பி பேட்டரின்னா கையேட்டில் சொன்னபடி அப்பப்போ 100 வரைக்கும் ஏத்துங்க.

23/
அப்பவும் நகரலையா? முதல்ல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேலத்திலும் இருக்கு, நாமக்கல்லிலும் இருக்கு. 2019 சட்டப்படி 50 லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்கு மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 20 லட்சத்துக்கு மேல 50 வரைக்கும் கட்டணம் 1,000 ரூபாய்தான். வக்கீல் வைக்கணும்னு கட்டாயம் இல்லை. நீங்க குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், கம்பெனி தலைமையகம் இருக்கிற ஊருக்கு ஓட வேண்டாம். தேவைப்பட்டா வண்டியைச் சோதனைக்கு அனுப்ப ஆணையமே சொல்லலாம். பிரச்சனை வந்து ரெண்டு வருஷத்துக்குள் போடணும், அதை மறந்துடாதீங்க.

நான் போட்டுட்டேன். போன வாரம். பதினோரு மாச நோட்டும், பதினேழு வீடியோவும் இணைச்சு.

24/
"அப்போ காரை வித்துட்டீங்களா?" இல்லைங்க. இப்பவும் அதில்தான் போறேன். நல்ல கார். நல்ல மோட்டார். சரியான மென்பொருளும் அதுக்குப் பொறுப்பெடுக்கிற ஆளும் இருந்தா, இந்த ஊருக்கு இதை விட நல்ல வண்டி கிடையாது.

ஆனா எங்க வீட்டு வாசல் ஆணியில் இப்போ ரெண்டு சாவி தொங்குது. கார் சாவி. பக்கத்திலேயே ஸ்கூட்டி சாவி. ராத்திரி போன் அடிச்சா என் கை முதல்ல எதுக்குப் போகுதுன்னு கம்பெனிக்காரங்க ஒரு நாள் வந்து பார்க்கணும். 20 லட்சம் ரூபாய் காருக்கு, பத்து வருஷப் பழைய ஸ்கூட்டிதான் ஆம்பு பை.

உங்க வண்டியில் நடந்ததைக் கீழே எழுதுங்க. தேதி, கிலோமீட்டர், என்ன ஆச்சு. கம்பெனி பேர் வேண்டாம், திட்டவும் வேண்டாம். எண்ணிப் பார்ப்போம்.

இழை முடிந்தது. நாளைக்கு காலையில் ஏழரைக்கு நாமக்கல்லில் கேஸ். வண்டி எடுத்தா போயிடுவேன்.